ரோஸியா, மார்க்கெஸா? – 2015 வலென்சியா பந்தயமும் தீராத ரசிகர் சண்டையும்

பைக் பந்தயத்தில் கருத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். கிரிக்கெட் என்றால் அவுட்டா இல்லையா என்று டீக்கடையில் அரை நாள் சண்டை போடலாம். பைக் பந்தயத்தில் ஆயிரத்தில் ஒரு நொடி வரை கணக்கு வைத்திருக்கிறார்கள். முதலில் கோட்டைத் தாண்டியவர் ஜெயித்தவர், அவ்வளவுதான்.

ஆனால் 2015 நவம்பர் 8-ம் தேதி ஸ்பெயினின் வலென்சியாவில் நடந்த மோட்டோஜிபி பந்தயத்தைப் பற்றி ரசிகர்கள் பத்து வருடம் தாண்டியும் சண்டை போடுகிறார்கள். முதலில் வந்தவர் யார் என்பதில் சண்டை இல்லை. இரண்டாவதாக வந்தவர் ஏன் முதலில் வரவில்லை என்பதில்தான் சண்டை!

உலக பைக் பந்தய வரலாற்றில் ரசிகர்களை இந்த அளவுக்கு இரண்டாகப் பிளந்த வார இறுதி வேறு இருக்குமா என்பது சந்தேகம். அங்கே என்ன நடந்தது, ரசிகர்கள் என்ன சொன்னார்கள், கணக்கு என்ன சொல்கிறது என்று வரிசையாகப் பார்க்கலாம்.

யார் யார்?

கதையில் மூன்று பேர் முக்கியம்.

வாலன்டினோ ரோஸி. இத்தாலிக்காரர். பைக் எண் 46, நிறம் மஞ்சள். எந்த நாட்டில் பந்தயம் நடந்தாலும் பார்வையாளர் பகுதியில் பாதி மஞ்சளாக இருக்கும் என்றால் அது இவரால்தான். ஒன்பது முறை உலக சாம்பியன். 2015-ல் வயது 36. பத்தாவது பட்டத்துக்கு இதுவே கடைசி வாய்ப்பாக இருக்கலாம் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஹோர்ஹே லோரென்சோ. ஸ்பெயின்காரர், எண் 99. ரோஸியின் யமஹா டீமிலேயே இருப்பவர். 2010, 2012 ஆண்டுகளின் மோட்டோஜிபி சாம்பியன். கடிகாரம் மாதிரி சுற்றுக்குச் சுற்று ஒரே வேகத்தில் ஓட்டுபவர். பிரமாதமான வீரர், ஆனால் கூட்டத்தின் செல்லப்பிள்ளை இல்லை.

மார்க் மார்க்கெஸ். இவரும் ஸ்பெயின்காரர், எண் 93, ஹோண்டா. 2013, 2014 இரண்டு ஆண்டும் சாம்பியன். 2015-ல் வயது 22. சிறுவனாக இருந்தபோது ரோஸியின் ரசிகர். 2015-ல் பல பந்தயங்களில் விழுந்ததால் பட்டத்துக்கான போட்டியில் இருந்து வெளியேறிவிட்டார்.

அதாவது பட்டம் யமஹாவின் இரண்டு பேருக்குள்தான். மார்க்கெஸுக்குப் பட்டத்தில் இழக்கவோ ஜெயிக்கவோ எதுவும் இல்லை. பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது.

பொறி பற்றியது எங்கே?

மோட்டோஜிபியில் முதல் இடத்துக்கு 25 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 20, மூன்றுக்கு 16, நான்குக்கு 13. இந்த நான்கு எண்களையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அந்த ஆண்டில் ரோஸிக்கும் மார்க்கெஸுக்கும் ஏற்கனவே இரண்டு உரசல்கள். அர்ஜென்டினாவில் இருவரும் மோதியதில் மார்க்கெஸ் விழுந்தார். நெதர்லாந்தின் ஆசன் பந்தயத்தில் கடைசிச் சுற்றின் கடைசி வளைவில் உரசியபோது ரோஸி சரளைக்கல் வழியாகக் குறுக்கே போய் ஜெயித்தார். இரண்டிலும் ஜெயித்தது ரோஸி.

அக்டோபர் 18, ஆஸ்திரேலியாவின் பிலிப் ஐலண்ட். அப்போது ரோஸி 18 புள்ளி முன்னிலையில் இருந்தார். மார்க்கெஸ், லோரென்சோ, இயன்னோனே, ரோஸி நான்கு பேரும் மாறி மாறி முந்திக்கொண்ட அற்புதமான பந்தயம் அது. (இயன்னோனே நடுவில் ஒரு கடற்பறவையின் மேல் மோதிவிட்டுத் தொடர்ந்து ஓட்டினார்!) கடைசிச் சுற்றில் லோரென்சோவை முந்தி மார்க்கெஸ் ஜெயித்தார். இயன்னோனே மூன்றாவது, ரோஸி நான்காவது. முன்னிலை 11 புள்ளியாகக் குறைந்தது.

பந்தயம் முடிந்தபோது உலகமே கை தட்டியது. அன்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அடுத்த வியாழக்கிழமை மலேசியாவின் செபாங்கில் பத்திரிகையாளர் சந்திப்பு. மார்க்கெஸும் லோரென்சோவும் அருகில் இருக்க, ரோஸி வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். பிலிப் ஐலண்டில் மார்க்கெஸால் தனியாகப் பிரிந்து போயிருக்க முடியும், வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்துத் தன்னோடு விளையாடினார், லோரென்சோ பட்டம் பெற வேண்டும் என்பதே அவர் விருப்பம், அர்ஜென்டினாவும் ஆசனும் அவர் மனதில் இருக்கின்றன என்றார். மார்க்கெஸ் சிரித்து மறுத்தார்.

அந்தச் சில நிமிடப் பேச்சுதான் எல்லாவற்றையும் மாற்றியது. பழைய பந்தயத்தின் வீடியோவை ரசிகர்கள் மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். நேற்று வரை அற்புதமாகத் தெரிந்தது, இன்று சதியாகத் தெரிந்தது.

செபாங்: ஏழாவது சுற்று, 14-வது வளைவு

அக்டோபர் 25. பெட்ரோசா முன்னால் போய்விட்டார், லோரென்சோ இரண்டாவது. பின்னால் ரோஸியும் மார்க்கெஸும் ஒரே சுற்றில் திரும்பத் திரும்ப ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டே இருந்தார்கள். இருவரும் சண்டை போடப் போட, லோரென்சோ தூரம் போய்க்கொண்டிருந்தார்.

ஏழாவது சுற்றில் 14-வது வளைவில் ரோஸி உள்பக்கம் வந்தார், வேகத்தைக் குறைத்தார், மார்க்கெஸைத் திரும்பிப் பார்த்தார், வெளிப்பக்கமாக ஒதுக்கினார். இருவரும் உரசினார்கள். ரோஸியின் இடது கால் அசைந்தது. மார்க்கெஸ் விழுந்தார்.

காலால் உதைத்தாரா இல்லையா? ஹோண்டா தரப்பு, கால் பட்டதால்தான் முன் பிரேக் அழுந்தியது, எங்கள் பைக்கின் பதிவுகளில் அது தெரிகிறது என்றது. மார்க்கெஸின் ஹேண்டில்பார் என் காலில் இடித்தது, அதனால்தான் கால் நழுவியது என்றார் ரோஸி. உலகம் முழுவதும் அந்தச் சில நொடி வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். இத்தாலியில் ஒரு மாதிரி தெரிந்தது, ஸ்பெயினில் வேறு மாதிரி தெரிந்தது!

அதிகாரிகள் உதையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லவில்லை. ரோஸி வேண்டுமென்றே மார்க்கெஸை வெளியே ஒதுக்கினார், மோதலுக்கு அவரே பொறுப்பு, மார்க்கெஸ் எந்த விதியையும் மீறவில்லை என்று சொல்லி 3 தண்டனைப் புள்ளிகள் கொடுத்தார்கள். ரோஸியின் மூன்றாவது இடம் அப்படியே இருந்தது.

இங்கேதான் ஒரு சின்ன விஷயம் பெரிதானது. அன்றைய விதிப்படி 4 தண்டனைப் புள்ளி சேர்ந்தால் அடுத்த பந்தயத்தைக் கடைசி இடத்திலிருந்து தொடங்க வேண்டும். ரோஸிக்குக் கிடைத்தது 3 தானே? ஆனால் செப்டம்பரில் மிசானோ தகுதிச் சுற்றில் மெதுவாகப் போய் ஒரு வீரருக்கு இடைஞ்சல் செய்ததற்காக ஏற்கனவே 1 புள்ளி வாங்கியிருந்தார். அந்த வீரர் யார் தெரியுமா? லோரென்சோ!

மூன்றும் ஒன்றும் நான்கு. வலென்சியாவில் ரோஸி 26-வது இடத்திலிருந்து தொடங்க வேண்டும். முன்னிலையோ வெறும் 7 புள்ளி.

இடையில் இரண்டு வாரம்

செபாங் பரிசு மேடையிலேயே லோரென்சோவுக்குக் கேலிக் கூச்சல் எழுந்தது. அவரும் கட்டை விரலைக் கீழே காட்டித் தன் கருத்தைச் சொன்னார். தண்டனையை நீக்கச் சொல்லி இணையத்தில் தொடங்கிய மனுவில் லட்சக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். ரோஸி சுவிட்சர்லாந்தில் இருக்கும் விளையாட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனார். அந்த வழக்கில் தானும் ஒரு தரப்பாகச் சேர லோரென்சோ மனுப்போட்டார், அது ஏற்கப்படவில்லை. ஆனால் ரோஸி ரசிகர்கள் அதை மன்னிக்கவில்லை. ஒரே டீமில் இருந்துகொண்டு இப்படியா என்றார்கள். பட்டத்துக்குப் போட்டியிடுபவர் தன் நலனைப் பார்க்கக் கூடாதா என்று கேட்டார்கள் மற்றவர்கள்.

நவம்பர் 5-ம் தேதி தீர்ப்பாயம் தண்டனையை நிறுத்தி வைக்க மறுத்தது. சர்வதேச மோட்டார் சைக்கிள் சம்மேளனத்தின் தலைவர் விட்டோ இப்போலிட்டோ வீரர்களைக் கண்டித்துத் திறந்த கடிதம் எழுதினார். வலென்சியாவில் வழக்கமான வியாழக்கிழமைப் பத்திரிகையாளர் சந்திப்பே ரத்தானது. அதற்குப் பதில் வீரர்களை உட்கார வைத்துப் பேசினார்கள். ஒரு வியாழக்கிழமை பேசியதன் விலையை அதிகாரிகள் புரிந்துகொண்டிருந்தார்கள் போலும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

வலென்சியா நகருக்கு அருகில் செஸ்டே என்ற ஊரில் இருக்கிறது ரிக்கார்டோ டோர்மோ பந்தயத் தடம். 4 கிலோமீட்டர் நீளம், விளையாட்டு அரங்கம் மாதிரி அமைப்பு. பார்வையாளர் பகுதியில் உட்கார்ந்தால் கிட்டத்தட்ட முழுத் தடமும் தெரியும். முன்னால் மூன்று பேர் போவதும், பின்னாலிருந்து ஒருவர் ஏறி வருவதும் ஒரே நேரத்தில் தெரியும்.

30 சுற்று. லோரென்சோ முதலிடத்தில் தொடங்கி முதலிடத்திலேயே ஓட்டினார். பின்னால் மார்க்கெஸ், அவருக்குப் பின்னால் பெட்ரோசா. ரோஸி ஒவ்வொருவராக முந்தி, பந்தயம் பாதி முடிவதற்குள் நான்காவது இடத்துக்கு வந்துவிட்டார். ஆனால் முன்னால் இருந்த மூன்று பேர் எட்டாத தூரத்தில் இருந்தார்கள்.

பிறகு எல்லார் கண்ணும் மார்க்கெஸ் மேல்தான். முந்துவாரா? சுற்றுக்குச் சுற்று ஒட்டிக்கொண்டே போனார், ஆனால் முந்த முயலவில்லை. கடைசிக்கு முந்தைய சுற்றில் பெட்ரோசா மார்க்கெஸை முந்தினார். மார்க்கெஸ் உடனே அவரைத் திருப்பி முந்தினார். அந்தச் சண்டையில் லோரென்சோவுக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைத்தது.

லோரென்சோ முதல், மார்க்கெஸ் இரண்டு, பெட்ரோசா மூன்று, ரோஸி நான்கு. இறுதிக் கணக்கு லோரென்சோ 330, ரோஸி 325.

இரு தரப்பு வாதம்

ரோஸி ரசிகர்கள் சொன்னது இது. முந்துவதற்கென்றே பிறந்தவர் மார்க்கெஸ். 30 சுற்று ஒருவர் பின்னால் சும்மா போகிற ஆள் இல்லை. பெட்ரோசாவை நொடியில் திருப்பி முந்தியவருக்கு லோரென்சோவை முந்தத் தெரியாதா? அது போட்டி இல்லை, மெய்க்காவல். பந்தயம் முடிந்ததும், பின்னால் வந்தவர்கள் ஸ்பெயின்காரர்களாக இருந்தது தனக்கு உதவியது என்ற பொருளில் லோரென்சோவே பேசியது அவர்களுக்குக் கிடைத்த பெரிய ஆயுதம்.

மறுதரப்பு சொன்னது வேறு. லோரென்சோவுக்கு உதவ நினைத்தவர் பிலிப் ஐலண்டில் கடைசிச் சுற்றில் அவரிடமிருந்து வெற்றியைப் பிடுங்கி 5 புள்ளி நஷ்டம் ஏற்படுத்துவாரா? அங்கே ரோஸியிடமிருந்து மூன்றாவது இடத்தைப் பறித்தது இத்தாலிக்காரரான இயன்னோனே, மார்க்கெஸ் இல்லை. வலென்சியாவில் பின்வரிசையிலிருந்து வந்த ரோஸிக்குச் சிலர் எளிதாக வழிவிட்டார்களே, அது மட்டும் உதவி இல்லையா? மார்க்கெஸும், கடைசிச் சுற்றுகளுக்காகக் காத்திருந்தேன், பெட்ரோசா முந்தியதால் திட்டம் கெட்டது என்றார்.

இரண்டு வாதத்திலும் வலு இருக்கிறது. மனதுக்குள் இருப்பதை எந்தக் கேமராவும் படம் பிடிக்காது. ஆனால் கணக்கைப் பார்க்கலாம்.

பலரும் போடாத கணக்கு

வலென்சியாவுக்கு முன் ரோஸி 312, லோரென்சோ 305.

மார்க்கெஸ் கடைசி வளைவில் லோரென்சோவை முந்தி ஜெயித்திருந்தார் என்று வைத்துக்கொள்வோம். லோரென்சோவுக்கு 20 புள்ளி: 325. ரோஸிக்கு நான்காம் இடத்தின் 13 புள்ளி: 325. சமம்! சமமானால் அதிக வெற்றி பெற்றவருக்குப் பட்டம். வலென்சியாவைக் கணக்கில் சேர்க்காமலே லோரென்சோவுக்கு 6 வெற்றி, ரோஸிக்கு 4.

அதாவது மார்க்கெஸ் முந்தியிருந்தாலும் சாம்பியன் லோரென்சோதான்!

ரோஸி பட்டம் வாங்க வேண்டுமானால் மார்க்கெஸ், பெட்ரோசா இருவருமே லோரென்சோவை முந்தியிருக்க வேண்டும். ஒருவர் மட்டும் முந்தியது போதாது. இல்லையென்றால் ரோஸியே இரண்டாவதாக வந்திருக்க வேண்டும்: 332. அதற்குத் தடையாக இருந்தது 26-வது இடம். அந்த 26-வது இடத்துக்குக் காரணம் செபாங்கின் 3 புள்ளியும் மிசானோவின் 1 புள்ளியும். மிசானோவில் அந்தப் புள்ளி விழாமல் இருந்திருந்தால் ரோஸி வலென்சியாவில் வழக்கமான இடத்திலிருந்தே தொடங்கியிருப்பார்.

அந்த மிசானோ புள்ளியைப் பற்றிக் கோபப்பட்ட ரசிகர்கள் மிகக் குறைவு. அதில் வில்லன் இல்லையே!

2006-ல் ஏன் யாரும் சண்டை போடவில்லை?

இதே ரோஸி இதே 5 புள்ளியில் இதற்கு முன்பும் ஒரு பட்டத்தை இழந்திருக்கிறார். 2006-ல் ஹோண்டாவின் நிக்கி ஹேடன் 252, ரோஸி 247.

அந்த ஆண்டு கடைசிக்கு முந்தைய பந்தயம் போர்ச்சுகலின் எஸ்டோரிலில் நடந்தது. அங்கே டோனி எலியாஸ் என்ற ஸ்பெயின்காரர் ரோஸியை 0.002 நொடியில் தோற்கடித்தார். ரோஸிக்கு 5 புள்ளி நஷ்டம். அதில் ஜெயித்திருந்தால் இருவரும் 252-ல் சமம், அதிக வெற்றி அடிப்படையில் ரோஸிதான் சாம்பியன். எலியாஸ் பட்டப் போட்டியில் இல்லாதவர். அவர் ஓட்டியதும் ஹோண்டா பைக்!

2015-ஐ விடச் சந்தேகப்பட வசதியான கதை இது. ஆனாலும் எலியாஸ் ஹோண்டாவுக்காகச் சதி செய்தார் என்று யாரும் கிளம்பவில்லை. அவருடைய அந்த ஒரே மோட்டோஜிபி வெற்றியை ரசிகர்கள் ஆசையோடு நினைவு வைத்திருக்கிறார்கள். கடைசிப் பந்தயத்தில் ரோஸி விழுந்ததால் பட்டம் போனது என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

உரசலும் புதிதில்லை. 2005-ல் ஸ்பெயினின் ஹெரெஸ் தடத்தில் கடைசி வளைவில் ரோஸி உள்ளே நுழைந்தபோது செட்டே ஜிபெர்னாவ் சரளைக்கல்லுக்குள் தள்ளப்பட்டார். ஸ்பெயின் கூட்டம் ரோஸியைக் கூச்சலிட்டு விரட்டியது. மற்ற நாட்டு ரசிகர்களோ இதுதான் பந்தயம் என்று கொண்டாடினார்கள். 2013-ல் அதே வளைவில் மார்க்கெஸ் லோரென்சோவை இடித்துக்கொண்டு முந்தினார். மோதியவர்கள் மாறுகிறார்கள், ரசிகர்களின் நியாயமும் அவர்களோடு மாறுகிறது.

அப்படியானால் 2015-ல் மட்டும் என்ன வித்தியாசம்? 2006-ல் எஸ்டோரிலுக்கு முன் யாரும் மைக்கைப் பிடித்து, இந்த ஆள் எனக்கு எதிராக ஓட்டுவார் என்று சொல்லவில்லை. 2015-ல் சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு மார்க்கெஸ் எதைச் செய்தாலும் அது சாட்சியாகிவிட்டது. ரோஸியை முந்தினால் தொல்லை கொடுக்கிறார், லோரென்சோவை முந்தாவிட்டால் காவல் காக்கிறார். ரசிகர்கள் ஞாயிற்றுக்கிழமை பார்த்தது வியாழக்கிழமை கேட்டதைத்தான். கண்ணால் கண்டதும் பொய் என்று நம் ஊரில் சும்மாவா சொன்னார்கள்!

ரோஸி சொன்னது பொய் என்று இதற்கு அர்த்தம் இல்லை. மார்க்கெஸ் மனதில் கோபம் இருந்திருக்கலாம். ஆனால் அதை நிரூபிக்க வழியில்லாதபோது, வெளியே சொன்ன வார்த்தை மட்டும் தனியாக நின்று வளர்ந்துவிட்டது.

நஷ்டம் யாருக்கு?

ரோஸிக்குப் பத்தாவது பட்டம் கிடைக்கவே இல்லை. 2021-ல் அதே வலென்சியாவில் கடைசிப் பந்தயம் ஓட்டி ஓய்வு பெற்றார். டிசம்பர் 2015-ல் தீர்ப்பாயத்தில் இருந்த வழக்கையும் அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார்.

ஆனால் அதிகம் பேசப்படாத நஷ்டம் லோரென்சோவுடையது. அந்த ஆண்டு அவருக்கு 7 வெற்றி, எல்லோரையும் விட அதிகம். கடைசிப் பந்தயத்தில் அவ்வளவு அழுத்தத்துக்கு நடுவே 30 சுற்றும் முன்னால் ஓட்டினார். ஆனாலும் 2015 என்றவுடன் ரசிகர்கள் பேசுவது ரோஸியையும் மார்க்கெஸையும்தான். பட்டம் வாங்கியவர் ஓரமாக நிற்கிறார்.

விதிகளும் மாறின. 2016 முதல் தண்டனை முடிவுகளுக்கென்று தனிக் குழு வந்தது. தண்டனைப் புள்ளி முறையே 2017 முதல் கைவிடப்பட்டது. எங்கோ வாங்கிய ஒரு புள்ளி எங்கோ ஒரு பட்டத்தைத் தீர்மானிப்பது இனி இல்லை.

2016 ஜூன் 3, பார்சிலோனா. பயிற்சியின்போது மோட்டோ2 வீரர் லூயிஸ் சலோம் விபத்தில் இறந்தார். வயது 24. இரண்டு நாள் கழித்து நடந்த பந்தயத்தில் ரோஸி முதல், மார்க்கெஸ் இரண்டு. இறங்கியதும் இருவரும் கை குலுக்கினார்கள். செபாங்குக்குப் பிறகு முதல் முறை. அன்று யாரும் கூச்சல் போடவில்லை. ஒரு உயிர் போன இடத்தில் அந்தச் சண்டையின் அளவு எல்லோருக்கும் தெரிந்தது.

ஆனால் அது நிலைக்கவில்லை. 2018-ல் அர்ஜென்டினாவில் மார்க்கெஸ் இடித்து ரோஸி விழுந்தார். மன்னிப்புக் கேட்கப் போன மார்க்கெஸை ரோஸியின் ஆட்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். அதே ஆண்டு மிசானோவில் மார்க்கெஸ் நீட்டிய கையை ரோஸி பற்றவில்லை.

2025-ல் மார்க்கெஸ் ஓட்டியது டுகாட்டி. இத்தாலியின் சொந்த பைக், சிவப்பு நிறம். அந்த ஆண்டு ஜப்பானின் மோட்டேகியில் உலகப் பட்டமும் வாங்கினார். அதற்கு முன் ஜூனில் இத்தாலியின் முஜெல்லோவில் அதே பைக்கில் ஜெயித்து மேடை ஏறியபோது, கீழே இருந்த மஞ்சள் கூட்டம் கேலிக் கூச்சல் போட்டது. செபாங் நடந்தபோது பள்ளிக்கூடமே போகத் தொடங்காத பையன்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள். அவர்கள் அந்தப் பந்தயத்தைப் பார்த்ததில்லை, அப்பா சொல்லிக் கேட்டதுதான்.